விடியற்காலையில் கிளம்பாத டீஸல் டிராக்டர்: குற்றம் குளிரிலா, டீஸல் அழுத்தத்திலா?

கார்த்திகைத் தீபம் முடிந்து மார்கழி பிறந்ததும் திருவண்ணாமலை வட்டாரத்தில் விடியற்காலை குளிரத் தொடங்குகிறது. சமவெளியில் இக்குளிர் இதமானதே. ஜவ்வாது மலையின் மேலுள்ள சிற்றூர்களிலோ அது உடலை நடுக்கும் அளவுக்கு மிகும். பருவமழை ஓய்ந்து மேட்டு நிலங்கள் காய்ந்து வரும் இக்காலமே நிலத்தைச் சமன் செய்யவும், மண் வரப்புகள் போடவும், முட்புதர்களை வேரோடு அகற்றவும் ஏற்றது. ஆகவே புல்டோசர் என்றும் செயின் டிராக்டர் என்றும் நாம் அழைக்கும் கனமான யந்திரங்கள் வேலைக்கு வருவதும், காலையில் கிளம்ப மறுத்து அடம்பிடிப்பதும் ஒரே பருவத்தில் நிகழ்கின்றன.

வண்டி கிளம்பாவிட்டால் எல்லோரும் குளிரின் மீது பழி போடுகிறார்கள். சிலர் பாட்டரி செத்துப்போகும் வரை திரும்பத் திரும்பச் சுழற்றுகிறார்கள். சிலர் மோட்டாரின் அடியில் வைக்கோலைக் கொளுத்துகிறார்கள். இன்னும் சிலர் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன என்று முடிவுகட்டிப் பெருஞ்செலவில் எஞ்சினைப் பிரிக்கிறார்கள். பிரித்து மாட்டிய பின்னும் மறுநாள் காலை வண்டி பழையபடியே நிற்கும். உண்மையில் குற்றம் ஒரு செப்பு வாஷரிலோ, அடைபட்ட வடிகட்டியிலோ இருந்திருக்கலாம். மணிக்கணக்கில் வாடகை பேசி அமர்த்திய யந்திரம் காலைப்பொழுதை வீணாக்கினால் நஷ்டம் உழவருடையது. ஊராட்சி வேலையாயின் நஷ்டம் ஊருடையது. ஆகவே குளிர் செய்யும் குற்றம் எது, டீஸல் வரும் வழியில் உள்ள குற்றம் எது என்பதைப் பிரித்தறியும் வழியை இங்குக் கூறுவோம். இவ்விஷயம் செயின் டிராக்டருக்கு மட்டும் உரியதன்று. கிணற்றடியில் உள்ள பழைய ஆயில் எஞ்சினுக்கும், பழைய சக்கர டிராக்டருக்கும் இதே நியாயம் பொருந்தும்.

செயின் டிராக்டர் நம் நாட்டிற்கு வந்த வரலாறு

ருடால்ப் டீஸல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் தம் எஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டியது 1897-ஆம் ஆண்டில். தொடக்கத்தில் அது தொழிற்சாலையில் ஓரிடத்தில் நிலையாக நின்று ஓடும் பெரிய யந்திரமாகவே இருந்தது. சேற்று நிலத்தில் சக்கரம் புதையாமலிருக்க இரும்புப் பட்டைகளின் மேல் ஊரும் டிராக்டரை அமெரிக்காவில் பெஞ்சமின் ஹோல்ட் 1904-ஆம் ஆண்டில் சோதித்துக் காட்டினார். அது நீராவியால் ஓடியது. 1925-ஆம் ஆண்டில் ஹோல்ட், பெஸ்ட் ஆகிய இரு கம்பெனிகளும் ஒன்றிணைந்து காட்டர்பில்லர் கம்பெனி உருவாயிற்று. அக்கம்பெனி 1931-ஆம் ஆண்டில் டீஸலால் ஓடும் செயின் டிராக்டரை விற்பனைக்குக் கொணர்ந்தது.

நம் நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டில் மத்திய டிராக்டர் நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. ஆழமாக வேரோடிய நாணற்புல் மூடிக்கிடந்த நிலங்களை மீட்டுப் பயிருக்குக் கொண்டுவருவது அதன் பெரும்பணி. உலகப் போரில் பயன்பட்டு எஞ்சிய அமெரிக்க டிராக்டர்கள் அப்பணியில் ஈடுபட்டன. 1949-ஆம் ஆண்டில் விவசாய யந்திரங்கள் வாங்குவதற்காக உலக வங்கி நமக்கு 1 கோடி டாலர் கடன் வழங்கியது. 1956-ஆம் ஆண்டில் ராஜஸ்தானத்துச் சூரத்கரில் சோவியத் நாடு அளித்த யந்திரங்களைக் கொண்டு மாபெரும் அரசுப் பண்ணை தொடங்கிற்று. 1964-ஆம் ஆண்டில் பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனம் தோன்றியபின் புல்டோசர்கள் நம் நாட்டிலேயே செய்யப்பட்டன.

இன்று ஏரியில் மண் அள்ளும் வேலையைப் பெரும்பாலும் பொக்லைன் யந்திரங்களே செய்கின்றன. எனினும் மேடு பள்ளமான நிலத்தைச் சமன் செய்வதற்குப் புல்டோசரை வேளாண்மைப் பொறியியல் துறை இன்றும் உழவர்களுக்கு வாடகைக்கு அளித்து வருகிறது. நல்ல பராமரிப்பில் இருந்தால் இவ்வகை வண்டிகள் பல பத்தாண்டுகள் உழைக்கும். பராமரிப்பு இல்லாவிடில் முதலில் கெடுவது காலையில் கிளம்பும் குணமே.

தீப்பொறி இல்லாமல் எரிவது எவ்வாறு?

பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி தெறித்து எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீஸல் எஞ்சினில் அத்தகைய பொறி கிடையாது. பிஸ்டன் மேலெழும்போது சிலிண்டரில் உள்ள காற்று பதினாறில் ஒரு பங்கு இடத்தில் நெருக்கப்படுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பாகம் சுடுவதை நாம் அறிவோம். அதே காரணத்தால் நெருக்கப்பட்ட காற்றும் சுடுகிறது. நல்ல நிலையிலுள்ள எஞ்சினில் அதன் வெப்பம் 500 டிகிரி செல்ஷியஸைத் தாண்டும். அந்தக் கணத்தில் நாஸில் வழியாக டீஸல் மிக நுண்ணிய பனிபோலத் தூவப்படுகிறது. சுடுகாற்றில் பட்டவுடன் அது தானே எரிகிறது. ஆகவே டீஸல் எஞ்சின் கிளம்புவதற்கு இரண்டே தேவைகள் உள்ளன. ஒன்று, காற்று போதிய அளவு சூடேற வேண்டும். இரண்டு, உரிய அழுத்தத்துடன் டீஸல் தூவப்பட வேண்டும். காலையில் கிளம்பாத வண்டியில் இவ்விரண்டில் ஒன்று குறைகிறது.

குளிரின் பங்கு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நன்று. பகலில் 30 டிகிரி இருக்கும் காற்று விடியலில் 15 டிகிரியாகக் குறைகிறது என்று கொள்வோம். நெருக்கி முடித்தபின் காற்றின் வெப்பத்தில் அதனால் ஏற்படும் குறைவு ஏறக்குறைய 40 டிகிரிதான். நல்ல எஞ்சின் இந்தக் குறைவைப் பொருட்படுத்தாது. ஆனால் எஞ்சின் மெதுவாகச் சுழன்றால், நெருங்கிய காற்றின் சூட்டைக் குளிர்ந்த இரும்புச் சுவர் உறிஞ்சிக் கொள்ளப் போதிய நேரம் கிடைத்துவிடுகிறது. தேய்ந்த ரிங்குகளின் வழியே காற்றும் கசிகிறது. இவ்விரண்டும் சேர்ந்தால் வெப்பம் நூறு டிகிரிக்கு மேலும் குறைந்துபோகும். ஆகவே நம் ஊர்க் குளிர் நேரடியாகச் செய்யும் கேடு சிறிது. எஞ்சின் ஆயிலைத் தடிக்கச் செய்து, பாட்டரியின் வலுவைக் குறைத்து, சுழற்சியை மந்தப்படுத்துவதன் மூலம் அது மறைமுகமாகச் செய்யும் கேடே பெரிது.

டீஸலே உறைந்துவிடுமோ என்று சிலர் ஐயுறுவர். தீபத்திற்கு வைத்த நெய் விடியற்காலையில் கட்டிப்படுவதைப் போல டீஸலிலும் மெழுகு பிரிவது உண்மையே. இமயமலைப் பகுதியில் இது பெருந்தொல்லை. நம் நாட்டுத் தர விதிப்படி, நவம்பர் முதல் பிப்ரவரி வரை விற்கும் டீஸல் 6 டிகிரி வரை வடிகட்டியை அடைக்காமல் ஓட வேண்டும். ஆகவே திருவண்ணாமலைச் சமவெளியில் அச்சத்திற்கு இடமில்லை. ஆனால் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். கோடைக்கால டீஸலுக்கு விதித்துள்ள எல்லை 18 டிகிரி. சித்திரையில் வாங்கிப் பீப்பாயில் வைத்திருந்த டீஸலை மார்கழியில் ஜவ்வாது மலைக்கு ஏற்றிச் சென்றால் வடிகட்டியில் மெழுகு படிய இடமுண்டு. மலை வேலைக்கு அப்பருவத்திலேயே வாங்கிய புது டீஸலைக் கொண்டு செல்வதே முறை.

பழைய வண்டிகளைக் கிளப்பும் முறைகள்

கனமான டீஸல் எஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்புதல் இயலாது. இதற்கெனப் பழைய கம்பெனிகள் வெவ்வேறு உபாயங்களைக் கையாண்டன.

காட்டர்பில்லரின் பழைய வண்டிகளில் பெரிய எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பெட்ரோல் எஞ்சின் பொருத்தப்பட்டிருக்கும். முதலில் அதைக் கிளப்பி, கிளட்சின் மூலம் பெரிய எஞ்சினைச் சுழற்ற வேண்டும். இரண்டுக்கும் தண்ணீர் ஒன்றே. ஆகவே சிறிய எஞ்சின் ஓட ஓடப் பெரிய எஞ்சினின் தண்ணீரும் சூடாகும். சிறிய எஞ்சினின் புகைக்குழாய் பெரிய எஞ்சினின் காற்றுக்குழாயை ஒட்டிச் செல்வதால் உள்ளே போகும் காற்றும் வெதுவெதுப்படையும். இதை அறியாத ஓட்டுநர் சிறிய எஞ்சின் கிளம்பியவுடனே பெரியதைக் கிளப்ப முற்படுகிறார். டீகம்ப்ரஷன் லீவரைத் திறந்துவைத்துச் சில நிமிஷங்கள் சுழலவிட்டு, எஞ்சின் ஆயில் அழுத்தம் எழுந்தபின் லீவரை மூடுவதே சரியான முறை. அந்தப் பொறுமைக்குத் தக்க பயன் உண்டு.

இன்டர்நேஷனல் கம்பெனியின் பழைய டி.டி. வகை வண்டிகளில் பெரிய எஞ்சினே முதலில் பெட்ரோலில் ஓடும். சூடேறியபின் டீஸலுக்கு மாறும். பின்னாளில் வந்த வண்டிகளில் பாட்டரியும் செல்ப் மோட்டாரும், சிலவற்றில் காற்றைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கும் உள்ளன. முறை எதுவாயினும் நோக்கம் ஒன்றே: வேகமாகச் சுழற்றுவதும், காற்றைச் சூடாக்குவதும்.

டீஸல் செல்லும் வழி

டாங்கியிலிருந்து புறப்படும் டீஸல் முதலில் தண்ணீரும் மண்டியும் தங்கும் கிண்ணத்தை அடைகிறது. பின்பு அதனைச் சிறிய பம்பு ஒன்று உறிஞ்சி வடிகட்டிகளின் வழியே தள்ளுகிறது. இங்கு அழுத்தம் மிகக் குறைவு. பெரும்பாலான பழைய வண்டிகளில் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவை ஒட்டியே இருக்கும். வடிகட்டிக்கு அப்பால் உள்ளது உயர் அழுத்தப் பம்பு. அது டீஸலை நூறு முதல் இருநூறு கிலோவுக்கு மேலும் அழுத்தி, தடித்த எஃகுக் குழாய் வழியே நாஸிலுக்கு அனுப்புகிறது.

உயர் அழுத்தப் பம்பின் உள்ளே உருளும் தண்டுக்கும் அதன் உறைக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் அதில் இரண்டு அல்லது மூன்று பங்குதான். தலைமயிரின் பருமன் அத்தகைய பங்கில் ஏறத்தாழ அறுபது, எழுபது இருக்கும். கண்ணுக்குத் தெரியாத தூசிகூட அங்கு அரத்தைப் போல் அராவிவிடும். தவிரவும், தண்ணீரைப் போலவே டீஸலும் நெருக்கத்திற்கு இடங்கொடாதது. காற்றோ நெருங்கிச் சுருங்கும். குழாயில் ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் பம்பு அதனையே நெருக்கி விரித்துக்கொண்டிருக்கும், நாஸில் திறக்காது. நம் மெக்கானிக்குகள் ‘ஏர் பிடித்துக் கொண்டது’ என்று கூறுவது இதனையே.

அழுத்தமானி சொல்லும் செய்தி

பெரிய வண்டிகளில் டீஸல் அழுத்தத்தைக் காட்டும் மானி ஒன்று உண்டு. எஞ்சின் ஆயில் அழுத்தத்தைக் காட்டும் மானி வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக் கொள்ளலாகாது. டீஸல் மானியின் முள் எங்கு நிற்க வேண்டும் என்று கம்பெனி கோடிட்டுக் காட்டியிருக்கும்.

முள் நாளுக்கு நாள் சிறிது சிறிதாக இறங்குமாயின் வடிகட்டி அடைபட்டு வருகிறது என்பது பொருள். சும்மா ஓடும்போது சரியாக நின்று, பளு ஏறியதும் இறங்கினாலும் அதுவே காரணம். புதிய வடிகட்டி போட்ட பின்னும் முள் எழவில்லையாயின், சிறிய பம்பு தேய்ந்திருக்கலாம். அல்லது மிகுதியான டீஸலைத் திருப்பி அனுப்பும் வால்வு மூடாமல் நிற்கலாம். முள் நடுங்கி ஆடினால் காற்று கலந்து வருகிறது.

இன்னொரு குற்றம் அடிக்கடி ஏமாற்றும். வண்டி காலையில் நன்றாகக் கிளம்பி, சிறிது நேரம் வேலை செய்து, வலுவிழந்து நிற்கும். சிறிது ஓய்வு கொடுத்தால் மறுபடியும் ஓடும். டாங்கி மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்ற ஓசையுடன் காற்று உள்ளே புகும். மூடியில் உள்ள சிறு காற்றுத் துளை செம்மண் புழுதியால் அடைபட்டதே காரணம். டீஸல் வெளியேறிய இடத்தில் காற்று புக வழியின்றி, பம்பு உறிஞ்ச முடியாமல் திணறுகிறது. ஒரு மெல்லிய கம்பியால் தீரவேண்டிய இக்குற்றத்திற்குப் பம்பையே பிரிப்பது வீண் செலவு.

குளிரா, காற்றா? இரண்டு சோதனைகள்

இனி முக்கியமான விஷயத்திற்கு வருவோம். மாலையில் நிறுத்தும் வரை ஒழுங்காக ஓடிய வண்டி, காலையில் மட்டும் கிளம்பவில்லை. நண்பகலில் நிறுத்திவிட்டு அரை மணியில் கிளப்பினால் உடனே கிளம்புகிறது. இரவின் குளிரே காரணம் என்று தோன்றும். ஆனால் இரவில் நிகழ்வது குளிர் மட்டும் அன்று. பன்னிரண்டு மணி நேரம் வண்டி அசையாமல் நிற்கிறது. உறிஞ்சும் பக்கத்தில் ஒரு மூட்டு சிறிது தளர்ந்திருந்தால் அதன் வழியே காற்று புகும். டாங்கி பம்பைவிடத் தாழ்ந்திருந்தால் குழாயில் நின்ற டீஸல் மெல்ல மெல்ல டாங்கிக்கே திரும்பி வடிந்துவிடும்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. பம்புக்கு அப்பால், அழுத்தமுள்ள பக்கத்தில் கசிவு இருந்தால் டீஸல் வெளியே சொட்டும், கண்ணால் காணலாம். பம்புக்கு முன், உறிஞ்சும் பக்கத்தில் கசிவு இருந்தால் எஞ்சின் ஓடுகையில் ஒன்றும் சொட்டாது; காற்றுதான் உள்ளே போகும். ஆகவே ‘எங்கும் ஒழுகல் இல்லை’ என்பது ‘எங்கும் குற்றம் இல்லை’ என்பதற்குச் சான்றாகாது.

முதற் சோதனை: குளிர்ந்த காலையில் எஞ்சினைச் சுழற்றும் முன்பே கைப் பம்பை இயக்கிப் பார்க்க வேண்டும். ஓரிரு அழுத்தலிலேயே கை கனத்தால் குழாயில் டீஸல் நிறைந்திருக்கிறது. பலமுறை அழுத்தியும் கை இலேசாகவே போனால், அல்லது காற்றுத் திருகைத் தளர்த்தும்போது நுரைத்துக் குமிழி வந்தால், இரவில் காற்று புகுந்துவிட்டது. குமிழியை வெளியேற்றியவுடன் முதல் சுழற்றலிலேயே எஞ்சின் கிளம்பினால் ஐயம் தீர்ந்தது. குற்றம் குளிரில் இல்லை, ரிங்கிலும் இல்லை, உறிஞ்சும் குழாயில் இருக்கிறது. கைப் பம்பு இல்லாத பழைய வண்டிகளில் டீகம்ப்ரஷன் லீவரைத் திறந்துவைத்துச் சிறிய எஞ்சினால் சுழற்றி, டீஸல் மானியின் முள் உடனே எழுகிறதா, நெடுநேரம் தாமதிக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

இரண்டாம் சோதனை: டீஸல் குமிழியின்றி வருகிறது, ஆயினும் எஞ்சின் கிளம்பவில்லை. அப்பொழுது ரேடியேட்டரில் உள்ள குளிர்நீரில் ஒரு பகுதியை வடித்துவிட்டு, கை பொறுக்காத அளவு சூடான நீரைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். கொதிக்கும் நீரை ஒரேயடியாக ஊற்றினால் குளிர்ந்த வார்ப்பிரும்பு வெடித்துவிடும். சிறிது நேரம் கழித்துச் சுழற்றினால் எஞ்சின் கிளம்பிவிடுகிறது எனில், வெப்பமே குறைவாக இருந்தது என்பது உறுதி. அப்பொழுதும் உடனே ரிங்கின் மீது பழி சுமத்தலாகாது. முதலில் பாட்டரியையும், அதன் முனைகளில் பூத்த வெண்படிவத்தையும், தரைக் கம்பியின் இணைப்பையும், ஆயிலின் தடிமனையும், ஹீட்டர் பிளக்கையும் பார்க்க வேண்டும். இவையெல்லாம் செம்மையாக இருந்து, எஞ்சின் வேகமாகச் சுழன்றும் கிளம்பாவிட்டால்தான் ரிங், வால்வு ஆகியவற்றின் தேய்மானத்தை ஆராய வேண்டும். வெந்நீர் ஊற்றியும் கிளம்பவில்லையாயின் நாஸிலையும் பம்பையும் அவற்றிற்குரிய பட்டறையில் சோதிப்பதே தகும்.

புகையின் நிறம்

எஞ்சினைச் சுழற்றும்போது புகைக்குழாயைப் பார்ப்பது மூன்றாவது சாட்சி. சிறிதும் புகை இல்லையேல் டீஸல் சிலிண்டரை அடையவில்லை. வெண்புகை வந்தும் எஞ்சின் கிளம்பவில்லையேல் டீஸல் வருகிறது, ஆனால் எரியவில்லை. காற்றில் சூடு போதவில்லை, அல்லது தூவும் நேரம் பிசகியிருக்கிறது. ஓடும்போது கரும்புகை மிகுந்தால் காற்றுக்கு மிஞ்சிய டீஸல் போகிறது. காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம், நாஸில் ஒழுகலாம். நீலப்புகை எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். ரிங் தேய்மானத்திற்கு அதுவே அடையாளம்.

காற்றை வெளியேற்றும் முறை

டாங்கியில் போதிய டீஸல் உள்ளதா, குழாய் திறந்துள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். சொல்லத் தேவையில்லாத யோசனை போல் தோன்றினும் இதுவே பலரையும் ஏமாற்றியது. பின்பு திருகுகளைச் சுற்றியுள்ள புழுதியைத் துடைக்க வேண்டும். டாங்கிக்கு அருகில் உள்ள வடிகட்டியின் காற்றுத் திருகைத் தளர்த்திக் கைப் பம்பை இயக்கி, குமிழியற்ற டீஸல் வரும்வரை பொறுத்து, பம்பை அழுத்தியபடியே திருகை இறுக்க வேண்டும். அடுத்து இரண்டாம் வடிகட்டி; அதன்பின் உயர் அழுத்தப் பம்பின் திருகு. இவ்வரிசை மாறலாகாது. மாறினால் முன்னே உள்ள காற்று மறுபடி பின்னே வந்து சேரும். ஒவ்வொரு முறையும் செப்பு வாஷரைக் கவனித்து, நசுங்கியிருந்தால் மாற்ற வேண்டும். பழைய வாஷரை மேலும் மேலும் இறுக்கினால் திருகின் மரைதான் அழியும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. மேற்கூறியவை பழைய எஞ்சின்களுக்கே உரியவை. 50 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல் கடுமையான புகை விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் வந்த பெரிய டிராக்டர்களில் பெரும்பாலானவை காமன் ரெயில் முறை கொண்டவை. அவற்றின் குழாயில் ஆயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட அழுத்தம் நிற்கும். அவற்றின் குழாய் நட்டுகளை வயலில் வைத்துத் தளர்த்துதல் உயிருக்கே ஆபத்தாகும். கம்பெனி மெக்கானிக்கைத்தான் அழைக்க வேண்டும்.

செய்யத் தகாதவை

எஞ்சின் ஆயில் தொட்டியின் கீழ் வைக்கோலோ துணிப்பந்தமோ கொளுத்துதல் கூடாது. தீ டீஸல் குழாயைப் பற்றினால் வண்டியே போய்விடும்.

ஈதர் திரவத்தைக் காற்றுக்குழாயில் தெளித்துக் கிளப்பும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். பிஸ்டன் உச்சியை எட்டுவதற்கு முன்பே ஈதர் வெடித்து ரிங்கை முறிக்கிறது. ஒரு நாள் சௌகரியத்திற்காக எஞ்சினின் ஆயுளைக் குறைத்துக் கொள்கிறோம். ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் ஈதர் தெளிப்பது வெடிவிபத்தையே வரவழைக்கும்.

டீஸலில் மண்ணெண்ணெய் கலந்தால் எளிதில் கிளம்பும் என்பது தவறான எண்ணம். உயர் அழுத்தப் பம்பிற்கு டீஸலே மசகு. மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்பு இல்லை. பம்பு விரைவில் தேயும்.

நாஸில் தூவுகிறதா என்று விரலை நீட்டிப் பார்த்தல் எந்நாளும் ஆகாது. அந்த ஊசிமுனைப் பீச்சல் தோலைத் துளைத்துச் சதைக்குள் டீஸலை ஏற்றிவிடும். வெளியே புள்ளி போன்ற காயமே தெரியும். வலியும் முதலில் சிறிதாகவே இருக்கும். சில மணி நேரத்தில் விரலையோ கையையோ எடுக்க நேரிடலாம். அத்தகைய காயம் பட்டால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று, டீஸல் பாய்ந்தது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

சரிவில் உருட்டியோ, வேறு வண்டியால் இழுத்தோ செயின் டிராக்டரைக் கிளப்ப முயல்வதும் வேண்டா. கியர் நடுநிலையில் இருப்பதையும், முன்னும் பின்னும் ஆள் இல்லாததையும் பார்த்த பிறகே எஞ்சினைக் கிளப்ப வேண்டும்.

பீப்பாயில் தொடங்கும் நோய்

பம்பைக் கெடுக்கும் தூசியும் தண்ணீரும் பெரும்பாலும் வண்டியில் பிறப்பவையல்ல. மரத்தடியில் வைத்த பீப்பாயிலிருந்தே வருகின்றன. நிமிர்த்தி வைத்த பீப்பாயின் மேல்தட்டில் மழைநீரும் பனிநீரும் தேங்கும். பகலில் சூடேறி விரிந்த பீப்பாய்க் காற்று இரவில் சுருங்கும்போது அந்நீரை மூடியின் இடுக்கு வழியே உள்ளே இழுத்துக் கொள்கிறது. ஆகவே பீப்பாயை நிழலில், கட்டைகளின் மேல், சற்றுச் சாய்த்து வைக்க வேண்டும். கொணர்ந்து இறக்கியபின் ஒருநாள் அசையாமல் விட்டால் மண்டி அடியில் தங்கும். எடுக்கும் குழாய் பீப்பாயின் அடியைத் தொடாமல் நான்கு விரற்கடை மேலே நிற்கட்டும். துணியால் வடிகட்டினால் நூலிழை உள்ளே போகும். நுண்ணிய கம்பி வலை பொருத்திய புனலே ஏற்றது. துத்தநாகம் பூசிய வாளியிலும் தொட்டியிலும் டீஸலைச் சேமித்து வைக்கலாகாது. பூச்சு கரைந்து வடிகட்டியில் பசைபோல் படியும்.

டீஸலை மாலையில் வேலை முடிந்ததும் நிரப்புவதே நன்று. டாங்கி காலியாக நின்றால் உள்ளிருக்கும் ஈரக்காற்று இரவில் குளிர்ந்து பக்கங்களில் முத்து முத்தாக நீர் கட்டும். அந்நீர் அடியில் சேரும். டீஸலுக்கும் நீருக்கும் இடையே நுண்ணுயிர்கள் வளர்ந்து பாசி போன்ற வழுக்கலை உண்டாக்கி வடிகட்டியை அடைக்கும். காலையில் கிளப்புமுன் டாங்கியின் அடித் திருகையும் மண்டிக் கிண்ணத்தையும் சிறிது திறந்து, நீர் போய்த் தூய டீஸல் வரும்வரை வடிக்க வேண்டும். இதற்கு ஆகும் நேரம் இரண்டு நிமிஷம்.

ஊராட்சிகள் செய்யக் கூடியது

குடிமராமத்துத் திட்டம் 2017-ஆம் ஆண்டில் மீண்டும் உயிர்பெற்றபோது ஏரிப் பணியில் ஊராரின் பங்கு வலியுறுத்தப்பட்டது. யந்திரம் ஊருக்கு வந்தபின் அதனைக் கவனிக்கும் பொறுப்பும் அப்பங்கில் அடங்கும். பஞ்சாயத்து உறுப்பினர் மெக்கானிக்காக வேண்டியதில்லை. பின்வரும் சிலவற்றைக் கேட்டு எழுதி வைத்தாலே போதும்.

வேலை தொடங்கும் முன் மணி மானியின் எண், வேலை முடிந்தபின் அதன் எண், ஊற்றிய டீஸல் எத்தனை லிட்டர், பளுவில் ஓடும்போது டீஸல் அழுத்தம் எவ்வளவு, காலையில் கிளப்ப எத்தனை நிமிஷம் ஆயிற்று: இவ்வைந்தையும் ஒரு நோட்டில் நாள்தோறும் குறிக்க வேண்டும். பத்து நாள் குறிப்பை ஒருசேரப் பார்த்தால் நோய் தானே புலப்படும். அழுத்தம் படிப்படியாகக் குறைந்து வந்தால் வடிகட்டி. அழுத்தம் மாறாமல் கிளப்பும் நேரம் மட்டும் கூடி வந்தால் பாட்டரி அல்லது தேய்மானம். அழுத்தம் எழக் காலையில் மட்டும் தாமதித்தால் உறிஞ்சும் பக்கத்துக் கசிவு. வாடகைக் கணக்கில் தகராறு எழும்போதும் இக்குறிப்பே இருதரப்புக்கும் நியாயம் சொல்லும்.

வண்டி கிளம்பியவுடன் பளுவில் ஏற்றாமல் ஐந்து முதல் பத்து நிமிஷம் மிதமாக ஓடவிட ஓட்டுநருக்கு இடம் கொடுக்க வேண்டும். ‘வாடகை ஓடுகிறதே’ என்று அவரை அவசரப்படுத்துவது ஒரு புறம் பத்து நிமிஷத்தை மிச்சப்படுத்தி, மறுபுறம் யந்திரத்தின் ஆயுளைச் செலவழிப்பதாகும். அதேபோல மணிக்கணக்கில் சும்மா ஓடவிடுவதும் தீது. எஞ்சின் குளிர்ந்து டீஸல் முழுதும் எரியாமல் கரி படியும்.

ஆயில் எஞ்சின் வைத்திருக்கும் உழவர்களும் இப்பழக்கங்களைத் தம் கிணற்றடியில் மேற்கொள்ளலாம். மின்சாரம் நின்ற நாளில், கதிர் பால் பிடிக்கும் பருவத்தில், ஒரு காலைத் தண்ணீர் தவறினால் விளைச்சல் குறையும். அன்று எஞ்சின் முதல் சுழற்றலிலேயே கிளம்புவது, முந்திய மாலையில் டாங்கியை நிரப்பி மூடியைத் துடைத்து வைத்த கையைப் பொறுத்தது. ஜவ்வாது மலைச் சாரலில் ஆயினும், செய்யாற்றங்கரையில் ஆயினும், குளிர் நம் வசத்தில் இல்லை. தூய டீஸலும், கசியாத மூட்டும், வலுவுள்ள பாட்டரியும் நம் வசத்தில் உள்ளவை. இவற்றைக் காத்தால் பழைய யந்திரமும் இன்னும் பல ஆண்டுகள் நம் நிலத்தில் நின்று உழைக்கும்.